காலுக்குச் சொல்ல ஒரு சொல்

குழந்தையைத் தூக்கியதும் கால் உட்கார்ந்துவிட்டது.

கோபிகா உட்காரவில்லை. அவளுடைய வலது கால்தான், தானாகவே முழங்காலை மெல்ல மடக்கி, பின்னால் இருந்த கட்டிலில் அவளை அமர்த்தியது. கையில் ஐந்து மாதக் குழந்தை மகிழினி. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. எழப் பார்த்தாள். முழங்கால் பூட்டிக்கொண்டது.

"நோயாளி அமர்ந்திருக்கவும்," என்றது கால். செயற்கை மூட்டுக்குள் பொருத்தியிருந்த சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வந்தது அந்தக் குரல். ரயில் நிலைய அறிவிப்பைப் போல இருந்தது. "எடை கூடியுள்ளது. பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது."

"பால் பொங்குது, எந்திரிக்க விடு!"

"நோயாளி அமைதியாக இருக்கவும்."

"ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா?" என்று சன்னல் பக்கமாகக் குரல் கொடுத்தாள். அந்த மாடி வரிசையில் பகலில் யாரும் இருப்பதில்லை. குழந்தையைக் கட்டிலில் கிடத்தினால் கால் விட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கிடத்திவிட்டுப் போனால், புரளப் பழகிய குழந்தை கீழே விழுந்துவிடும். தூக்கினால் கால் உட்காரும்.

பொறுப்பாளர் என்று கால் சொன்னது அவள் கணவன் சபரீஷை. பம்ப் கம்பெனியில் காலை ஷிப்டிலிருந்து அவன் ஓடிவந்தபோது பால் பாத்திரம் கரியாகி வீடெங்கும் தீய்ந்த வாடை.

"என்னாச்சு அம்மிணி? விழுந்துட்டியா?"

"விழலீங்க மாமா. உங்க பொண்ணத் தூக்கினேன். அந்தக் குத்தத்துக்கு இந்தக் கால் என்னையக் கட்டிப்போட்டு, உங்களுக்குத் தந்தியடிச்சிருச்சு."

மறுநாள் காலை, செயற்கை உறுப்பு மையத்தின் மேசைமேல் ஒரு துணிக்கடைக் கட்டைப்பை வந்து அமர்ந்தது. அதற்குள் பழைய துண்டில் சுற்றிய கால். ஊன்றுகோல்களில் நின்றபடி கோபிகா சொன்னாள்: "இத நீங்களே வெச்சுக்கங்க்கா."

ஷாகிரா துண்டைப் பிரித்தாள். போன வாரம் இந்தப் புதுக் காலைக் கோபிகாவுக்கு அளவெடுத்துச் செய்து பொருத்தியவள் அவள்தான். மதுரைக்காரி, வேலைக்காகக் கோயமுத்தூருக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

"எங்கயும் உரசுதா? தொடைய மாட்டுற சாக்கெட்டு இறுக்குதா?"

"அதெல்லாம் சோக்கா இருக்குதுங்க. கால் நல்ல கால்தான். அதோட புத்திதான் செரியில்ல. புள்ளையத் தூக்கக் கூடாதுன்னு யாருங்க அதுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலம்மா."

"பொறவு?"

ஷாகிரா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். "பழைய காலுக்கு ஒவ்வொண்ணையும் எழுதணும். படி வந்தா இப்படி, பள்ளம் வந்தா இப்படின்னு. இது அப்படி இல்ல. மனுசங்க எழுதினது பேசினது எல்லாத்தையும் படிச்சு வளந்த கால். நாங்க இதுக்கு ரெண்டு விசயந்தான் சொல்றோம். ஒண்ணு உங்க பேரு. அடுத்தது, நீங்க இதுக்கு யாருன்னு ஒரே ஒரு சொல்லு. எப்படி நடக்கணும், எப்ப தடுக்கணும், எல்லாம் அந்தச் சொல்ல வெச்சு அதுவே புரிஞ்சுக்கும்."

"என்ன சொல்லு போட்டிருக்கீங்க?"

"நோயாளி."

கோபிகா மேசைமேல் கிடந்த காலைப் பார்த்தாள். அவிநாசி சாலையில் ஒரு லாரி அவள் ஸ்கூட்டரை இடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "எனக்கு என்னங்க நோயி? லாரி மோதுனதுக்குப் பேரு நோயா?"

"ஆஸ்பத்திரிக்கு வர்ற எல்லாரையும் அப்படித்தான் போடுவோம். யாரும் யோசிச்சுப் போட்டதில்ல. ஆனா கால் யோசிச்சிருக்கு. நோயாளிய என்ன பண்ணுவாங்கன்னு அது படிச்சிருக்குல்ல? உக்காருன்னுவாங்க. கனம் தூக்காதன்னுவாங்க. அவங்ககிட்டச் சொல்றதுக்கு முன்னாடி கூட வந்தவங்ககிட்டச் சொல்லுவாங்க. அதத்தான் இதுவும் செய்யுது."

"அப்பச் சொல்ல மாத்துங்க."

அதற்கு மையத்தின் தலைவர் டாக்டர் வத்சலா ஒப்புக்கொள்ள வேண்டும். வத்சலாவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வார்த்தை உனக்குப் பிடிக்கலை, சரி. எனக்கு ஏன் பிடிக்கும்னு சொல்றேன், கேளு. வாடிக்கையாளர் வந்தா கடையைச் சாத்திட்டேன்னு சொல்லலாம். பயனாளின்னா இந்த வருஷம் திட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லலாம். நோயாளி வந்து நின்னா நான் கதவைத் திறந்தே ஆகணும். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் அந்தப் பலம் உண்டு. அதை விட்டுட்டுப் போறியா?"

கூட வந்திருந்த சபரீஷின் தோளில் கிடந்த குழந்தை கோபிகாவைப் பார்த்துக் கையை நீட்டியது. "நான் எங்கயும் போகலீங்க டாக்டர். இவளத் தூக்கிட்டு மாடியேறணும். அவ்வளவுதான்."

வத்சலா குழந்தையைப் பார்த்தார். "முயற்சி பண்ணிப் பாருங்க. ஆனா சரியான சொல் கிடைக்கிற வரைக்கும் குழந்தையோட வேண்டாம். நடுவுல ஏதாவது விபரீதம்னா காலைத் திரும்ப வாங்கிடுவேன், ஷாகிரா. அப்புறம் என்கிட்டச் சண்டைக்கு வரக் கூடாது."

முதலில் சொல்லே இல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். கால் தானாகவே மருத்துவமனைப் பதிவைத் தேடிப் படித்து, நோயாளி என்று நிரப்பிக்கொண்டது.

பிறகு வாடிக்கையாளர். கால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இனித்தது. "தங்கள் விருப்பம் எங்கள் மகிழ்ச்சி," என்றது. ஓட்டுநர் இல்லாத டவுன் பஸ் கிளம்பப் பார்த்தபோது கோபிகா கொஞ்சம் எட்டி நடந்தாள். கால் ஓடவே ஓடியது. உக்கடம் மீன் சந்தையில் வழுக்கும் தரையில் அவள் கால் வைத்தபோது அது ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. வாடிக்கையாளருக்கு மறுப்புச் சொல்வது மரியாதை இல்லை என்று எங்கோ படித்திருந்தது. மீன்காரர் ஒருவர் பாய்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "புதிய மேம்பட்ட பாதத்தைப் பற்றி அறிய விரும்புகிறீர்களா?" என்று கேட்டது கால்.

"ஏம்மா, உன்ற காலு யாவாரம் பண்ணுது!" என்று சந்தையே சிரித்தது.

பயனாளி என்று போட்டபோது கால் பணிவு கற்றுக்கொண்டது. ரேஷன் கடையில் யார் வந்தாலும் ஓரடி பின்வாங்கி வழிவிட்டது. கவுன்சிலர் வந்த நாளில் முழங்காலைச் சற்றே வளைத்து நின்றது. கோபிகா எவ்வளவு அழுத்தியும் நிமிரவில்லை. அன்று அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள்.

மாற்றுத்திறனாளி என்ற சொல்லில் ஷாகிரா நிறைய நம்பிக்கை வைத்திருந்தாள். மதிப்பான சொல். கால் அந்தச் சொல்லைச் செய்தித்தாள்களில் படித்திருந்தது. செய்தித்தாள்களில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சாதனை இருந்தது. கறிவேப்பிலை வாங்கக் கிளம்பியவளை அது கடையைத் தாண்டி மேம்பாலத்தின் உச்சிவரை கூட்டிச்சென்று, "தடைகளைத் தகர்த்தோம்," என்றது.

"ஏனுங்க்கா," என்று பாலத்தின் மேலிருந்து கோபிகா போனில் கூப்பிட்டாள். "எனக்குச் சாதனையெல்லாம் வேண்டாங்க. கருவேப்பில வேணுங்க."

ஷாகிரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பட்டறைக்குள் திரும்பி, காத்திருந்த ஆளை, "ஏ.கே. லெஃப்ட்டு, உள்ள வாங்க," என்று கூப்பிட்டாள். முழங்காலுக்கு மேல், இடது. அப்படித்தான் அங்கே எல்லோரையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு அந்த ஆளின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். "உங்க பேரு என்னண்ணே?" என்றாள். அவர் திடுக்கிட்டுப் பெயரைச் சொன்னார்.

அடுத்த சொல்லைக் கோபிகாவே கொண்டுவந்தாள்.

"அம்மான்னு போடுங்க்கா. நான் அதானுங்களே?"

போட்டார்கள். மையத்தின் நடைக்கூடத்தில், குழந்தையின் எடைக்கு ஒரு பை மாவைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். கால் உட்காரவில்லை. பேசவும் இல்லை. ஒவ்வோர் அடியையும் பஞ்சில் வைப்பதுபோல வைத்தது. மாவுக்குப் பதிலாகக் குழந்தையைக் கையில் கொடுத்தபோது வத்சலாவே கொடுத்தார். கோபிகா கூடத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். மகிழினி அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சபரீஷ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"முடிஞ்சுதா?" என்றார் வத்சலா, சந்தோஷத்தை மறைக்காமல்.

"முடிஞ்சுது டாக்டர்," என்றாள் ஷாகிரா.

இரண்டு வாரம் கழித்து சபரீஷ் கோபிகாவைக் கைகளில் ஏந்திக்கொண்டு வந்தான். காய்ச்சல் கொதித்தது. சாக்கெட்டைக் கழற்றியபோது உள்ளுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. மிஞ்சியிருந்த தொடையின் நுனியில் தோல் உரிந்து, புண் சீழ் பிடித்திருந்தது.

"உரசல் கூடினா இந்தக் கால் முதல்லயே சொல்லணுமே," என்றாள் ஷாகிரா. "உக்காருன்னு சொல்லணுமே. சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லலீங்க," என்றாள் கோபிகா. "புள்ளைக்குப் பல்லு மொளைக்குது, இடுப்ப விட்டு எறங்க மாட்டீங்கறா. எனக்கும் வலிச்சுதுதான். கால் சும்மா இருக்குதே, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுட்டேன்."

ஷாகிரா காலைக் கணினியோடு இணைத்துப் பார்த்தாள். கால் எல்லாவற்றையும் அறிந்திருந்தது. சூடு, ஈரம், அழுத்தம், எந்த நேரத்தில் தோல் கிழிந்தது என்பது உட்பட. தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறது.

"அம்மா வலிக்குதுன்னு சொல்லி உக்காந்ததா அது எங்கயும் படிச்சதில்ல," என்றாள் அவள் வத்சலாவிடம். "நாமதான் அப்படி எழுதி வெச்சிருக்கோம். அது நம்மள நம்பிருச்சு."

வத்சலா புண்ணைத் தானே சுத்தம் செய்தார். கையுறையைக் கழற்றியபின் சொன்னார்: "நோயாளின்னு இருந்திருந்தா முதல் நாளே உட்கார வெச்சிருக்கும். ஆறட்டும். ஆறினதும் பழைய சொல்லே போட்டுடு. இல்லைன்னா கால் வேண்டாம். இதுக்கு மேல இந்தப் பொண்ணோட உடம்புல பரிசோதனை பண்ண நான் விட மாட்டேன்."

ஷாகிரா காலை எடுத்து அலமாரியில் வைத்தாள். டாக்டர் சொன்னது சரி.

வார்டில் கோபிகா ஒரு வாரம் கிடந்தாள். ஒரு சாயங்காலம் ஷாகிரா பார்க்கப் போனபோது, சபரீஷ் குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு டீ வாங்கப் போயிருந்தான். கோபிகா குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சாமி, பசிக்குதுங்களா? இல்ல, சும்மா கூப்புட்டீங்களா?"

கேட்டுவிட்டுக் குழந்தையின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். குழந்தை தலையைத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தது.

"வேண்டாங்களா? செரிங்க. பொறவு குடிச்சுக்கலாம்."

ஷாகிரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பால்குடிக்கு யாராச்சும் வாங்க போங்க போடுவாங்களா? எங்க ஊருல 'ஏய் குட்டி'ம்போம், தூக்குவோம், வாயில வெப்போம்."

"எங்களுக்கு வேற மாதிரி வாயி வராதுங்க்கா. அடிதடின்னா கூட 'வெளிய வாங்க பாத்துக்கலாம்'னுதான் கூப்புடுவோம்."

"அது பதிலா சொல்லப்போகுது?"

"கேட்டாத்தானுங்களே சொல்லும்?" கோபிகா குழந்தையின் உள்ளங்காலை விரலால் தடவினாள். "சொல்லிருச்சு பாருங்க. வேண்டாமாம்."

ஷாகிரா குழந்தையைப் பார்த்தாள். நடக்கத் தெரியாது, உட்காரத் தெரியாது, ஒரு ஈயை விரட்டத் தெரியாது. இந்த வார்டில் இதைவிட அடுத்தவர் கையை நம்பிக் கிடக்கும் ஆள் யாரும் இல்லை. ஆனாலும் அதனிடம் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

"கோபிகா, இங்க ஆள் தெரியாத ஒருத்தரக் கூப்பிடணும்னா என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"ஏனுங்கன்னுதான்."

"கலெக்டரா இருந்தா?"

"ஏனுங்க."

"வீட்டுக்காரர?"

கோபிகா சிரித்தாள். "கோவமா இருந்தா ஏனுங்க. இல்லாட்டி மாமா. எதுக்குங்க்கா?"

ஷாகிரா அதற்குள் எழுந்து வேகமாகப் போய்விட்டாள்.

"இது யாரையும் குறிக்கிற சொல்லே இல்லையே," என்றார் வத்சலா, திரையில் ஷாகிரா இட்டிருந்த 'ஏனுங்க'வைப் பார்த்து. "கூப்பிடற குரல்."

"அதான் டாக்டர். மத்த எல்லாச் சொல்லும் அவங்க யாருன்னு முடிவு பண்ணிருச்சு. முடிவு பண்ணினதும் கேக்குறத நிறுத்திருச்சு. இந்த ஊருல பேசின பேச்சையெல்லாம்கூட இது படிச்சிருக்கு. அதுல இந்தச் சொல்லுக்கு அப்புறம் அனேகமா ஒரு கேள்வி வருது. கேட்டவங்க பதில் வர்ற வரைக்கும் நிக்கிறாங்க."

"நான் பரிசோதனை வேண்டாம்னு சொன்னேன்."

"ஆமா. முதல்ல நானே போட்டுக்கிட்டு நடக்கிறேன். முழங்காலை மடக்கிக் கட்டிக்கிட்டு நடக்கிற அடாப்டர் இருக்குல்ல."

ஷாகிரா தண்ணீர் ஊற்றிய தரையிலும் சரிவிலும் மாவுப் பையோடு நடந்தாள். தொடையில் வேண்டுமென்றே உரசல் வரும்படி துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தாள். வத்சலா சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உரசல் தொடங்கியதும் கால் நின்றது.

"ஏனுங்க," என்றது. குரல் அதே குரல்தான். ரயில் நிலையம் மட்டும் அதிலிருந்து போயிருந்தது. "உள்பக்கம் தோலு செவக்குதுங்க. சித்தெ நேரம் உக்காந்துக்கறீங்களா?"

"வேண்டாம், நடக்கிறேன்," என்றாள் ஷாகிரா.

"செரிங்க. ஆனா இன்னிக்கு ரொம்ப தூரம் தாங்காதுங்க. மறுபடியும் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க."

அது மறுபடியும் கேட்டது. அதற்கடுத்தும் கேட்டது. மூன்றாவது முறை ஷாகிரா உட்கார்ந்தாள். உட்கார வைத்தது கால் இல்லை.

வத்சலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "என் பதிவுல அவ நோயாளிதான். அதை மாத்த மாட்டேன்," என்றார்.

"டாக்டர்…"

"முழுசாக் கேளு. அந்தச் சொல் என்னைக் கட்டறதுக்கு. அவ எப்ப வந்தாலும் நான் கதவைத் திறக்கணும், அதுக்கு. அவளைக் கட்டறதுக்கு இல்லை. இத்தனை வருஷமா ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டி வெச்சிருந்திருக்கோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காலுக்கு நீ சொன்ன சொல்லையே போடு."

புண் ஆறி, தோல் கெட்டிப்பட்ட பிறகு ஒரு காலையில், ஷாகிராவும் சபரீஷும் அந்த மாடிவீட்டின் கீழே நின்றார்கள். முந்தின நாள் மழை. கோபிகா முதல் படியில் இடது காலை வைத்திருந்தாள். இடுப்பில் மகிழினி.

"ஏனுங்க," என்றது கால். "பாப்பாவும் வர்றாங்களா?"

"வர்றாங்க," என்றாள் கோபிகா.

"அப்ப அந்தக் கம்பியப் புடிச்சுக்கறீங்களா? மேல ஒரு படி ஈரமா இருக்குதுங்க."

கோபிகா கம்பியைப் பிடித்தாள். ஏறினாள். படி படியாக, இடது, வலது, இடது. சபரீஷ் இரண்டு கைகளையும் ஏந்தியபடி பின்னாலேயே போகப் பார்த்தான். ஷாகிரா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஈரப்படி வந்தது. கால் கேட்டது. கோபிகா பதில் சொன்னாள். தாண்டினாள்.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் நின்றாள். பிறகு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, மெல்ல முழங்காலை மடக்கி, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே ஷாகிரா சபரீஷின் சட்டையை விட்டுவிட்டு முதல் படியில் ஏறினாள். "என்னாச்சு கோபிகா? கால் உக்கார வெச்சிருச்சா?"

மேலேயிருந்து பதில் வர நேரமானது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ உலர்த்தியிருந்த துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கோபிகா குழந்தைக்கு அவற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க்கா," என்றாள். "நாந்தான் உக்காந்தேன்."